வேர்ச் செல்லின் சட்டகமும் ஹார்மோன் உற்பத்தியும்



அறிவியலைத் தமிழில் பேச வேண்டும், கேட்பவருக்குப் புரியும்படி பேச வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு இந்தச் சொற்பொழிவு ஆண்டுதோறும் நடக்கிறது. முதல் நிபந்தனையைவிட இரண்டாவது கடினமானது. முயன்று பார்க்கிறேன்.

நம் பாடத்திட்டத்தில் செல்லின் உள்ளமைப்பு ஒரு பாடம், தாவர ஹார்மோன்கள் வேறொரு பாடம். முன்னதில் நுண்குழல்கள், ஆக்டின் இழைகள் என்று படம் வரைகிறோம். பின்னதில் ஆக்சின், ஜிப்ரெல்லின், சைட்டோகைனின், எத்திலீன் என்று பட்டியலிடுகிறோம். இரண்டுக்கும் இடையே பாலம் போடும்போதும் ஒருவழிப் பாலமாகவே போடுகிறோம். ஹார்மோன் ஆணையிடுகிறது, சட்டகம் கீழ்ப்படிகிறது, செல் நீள்கிறது. இது பொய்யில்லை, ஆனால் பாதிதான். சட்டகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஹார்மோன் எவ்வளவு உண்டாகும், எங்கே சேரும், எவ்வளவு உணரப்படும் என்பவையும் மாறுகின்றன. இந்த நூற்றாண்டில் இதற்குத் தெளிவான சான்றுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றை இன்று உங்கள் முன் வைக்கிறேன். எந்தச் சான்று எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

1. வேர்நுனி என்னும் களம்

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சிறுசெடியில் நடந்தவை. அதன் இளவேர் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான். நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் உள்ளிருக்கும் ஒவ்வொரு செல்லையும் எண்ணிவிடலாம். 1993இல் லியம் டோலன் குழுவினர் அப்படித்தான் எண்ணி வரைபடம் தயாரித்தார்கள். புறணியில் எட்டு வரிசைச் செல்கள், அகத்தோலில் எட்டு வரிசைச் செல்கள். செடிக்குச் செடி இந்த எண்ணிக்கை மாறுவதில்லை. வேறுபாடு எங்கே எழுந்தாலும் கண்ணில் பட்டுவிடும் என்பதால்தான் இந்தச் செடியின் வேர் ஆய்வாளர்களின் விருப்பக் களமாயிற்று.

நுனியில் வேர்மூடி. அதற்கு மேலே செல்கள் பிரிந்து பெருகும் பகுதி. அதற்கும் மேலே அவை நீளும் பகுதி. பிரிவதை நிறுத்திய செல் சில மணி நேரத்தில் பல மடங்கு நீண்டுவிடுகிறது. பெருகும் பகுதிக்கும் நீளும் பகுதிக்கும் நடுவில் ஒரு குறுகிய இடைப்பகுதி உண்டு. பிரிவதா, நீள்வதா என்ற முடிவு அங்கேதான் எடுக்கப்படுகிறது. நாம் பேசப் போகும் நிகழ்வுகளில் பல, இந்த மில்லிமீட்டருக்கும் குறைவான நீளத்துக்குள் நடப்பவை.

2. சட்டகம் எதனால் ஆனது?

தாவரச் செல்லின் சட்டகத்தில் இரண்டு வகை இழைகள் முதன்மையானவை. ஒன்று நுண்குழல். ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு டியூபுலின் புரதங்கள் இணைந்து கோத்த சரங்கள் பொதுவாகப் பதின்மூன்று சேர்ந்து உள்ளீடற்ற குழலாகின்றன. அதன் விட்டம் சுமார் 25 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் இத்தகைய குழல்கள் 40,000 அருகருகே கிடக்கலாம். மற்றொன்று ஆக்டின் இழை. அது சுமார் 7 நானோமீட்டர் தடிமனுள்ளது.

இவை நிலையான தூண்கள் அல்ல. ஒரு நுண்குழல் வளர்ந்துகொண்டே வந்து திடீரெனச் சிதைந்து சுருங்கும், மீண்டும் வளரும். டிமோத்தி மிச்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் 1984இல் இதைக் காட்டினார்கள். கட்டடத்தைச் சுற்றிக் கட்டும் சாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் பக்கத்தில் கட்டுவார்கள், முடிந்த பக்கத்தில் அவிழ்ப்பார்கள். அதே கழி இன்னொரு பக்கம் போய்ச் சேரும். ஆனால் ஒன்று: கட்டடச் சாரத்துக்கு எத்தனை மூட்டை சிமெண்டு வரவழைப்பது என்று சொல்லும் அதிகாரம் இல்லை. செல்லின் சாரத்துக்கு அந்த அதிகாரமும் ஓரளவு உண்டு என்பதுதான் இன்றைய பேச்சின் சாரம்.

நுண்குழல்கள் கண்ணில் படுவதற்கு முன்பே அவை இருக்க வேண்டும் என்று ஊகித்தவர் அமெரிக்கத் தாவரவியலர் பால் கிரீன். நிட்டெல்லா என்னும் நன்னீர்ப் பாசியின் நீண்ட செல்களுக்கு அவர் கோல்ச்சிசின் கொடுத்தார். நீளவாக்கில் வளர வேண்டிய செல்கள் எல்லாப் பக்கமும் பருத்தன. செல் பிரியும்போது கதிர்கோலைக் குலைக்கும் அதே மருந்து செல்சுவரின் ஒழுங்கையும் குலைக்கிறதென்றால், கதிர்கோல் போன்ற இழைகள் சுவரின் அடியிலும் இருந்தாக வேண்டும் என்று 1962இல் எழுதினார். அடுத்த ஆண்டே ஹார்வர்டில் மைரன் லெட்பெட்டரும் கீத் போர்ட்டரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தக் குழல்களைக் கண்டார்கள். அப்போதுதான் புழக்கத்துக்கு வந்த குளுட்டரால்டிஹைடு என்ற பதப்படுத்தும் வேதிப்பொருள் அந்தக் குழல்களைச் சிதையாமல் காத்துக்கொடுத்தது.

கோல்ச்சிசின் நமக்கு அயலான பொருளில்லை. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில் அது இருக்கிறது. திண்டுக்கல், திருப்பூர், கரூர் மாவட்டங்களில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் இதைப் பந்தலிட்டு வளர்க்கும் உழவர்கள், விதையை விற்பதே அதிலுள்ள கோல்ச்சிசினுக்காகத்தான்.

குழல்கள் செய்யும் வேலை என்ன? செல்சுவரில் செல்லுலோஸ் நூல்களை நெய்யும் நொதித் தொகுப்புகள் செல்சவ்வில் நகர்கின்றன. அவை நகரும் தடம் அடியிலிருக்கும் நுண்குழல்களின் தடமே என்பதை அலெக்சாண்டர் பரேடஸ், கிறிஸ் சோமர்வில், டேவிட் எர்ஹார்ட் மூவரும் 2006இல் உயிருள்ள செல்லிலேயே ஒளிப்படமாகக் காட்டினார்கள். குழல்கள் செல்லின் நீள அச்சுக்குக் குறுக்கே கிடந்தால் செல்லுலோசும் குறுக்கே சுற்றும். உள்ளிருந்து நீரழுத்தம் தள்ளும்போது பக்கவாட்டில் விரிய முடியாத செல், நீளவாக்கில் வளரும். குழல்கள் தாறுமாறானால் செல் பருத்துவிடும். 2001இல் கான்பெராவில் ஜெஃப்ரி வேஸ்டனிஸ் குழு கண்டறிந்த மார்1 என்ற மரபணுவில் மாற்றமுள்ள செடிகளில் இதை வெறும் வெப்பநிலையைக் கொண்டே காட்டலாம். 21 பாகையில் ஒழுங்காக இருக்கும் குழல்கள் 29 பாகை செல்சியசில் குட்டையாகிச் சிதறுகின்றன, வேர் வீங்குகிறது.

3. ஆணை ஒருவழிதான் என்ற எண்ணம்

இப்போது ஹார்மோன் பக்கம் வருவோம். சார்லஸ் டார்வினும் மகன் ஃபிரான்சிசும் 1880இல் வெளியிட்ட நூலில், ஒளியை உணரும் நுனியிலிருந்து வளையும் அடிப்பகுதிக்கு ஏதோ ஒரு தூண்டல் செல்கிறது என்று காட்டினார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்டில் ஃபிரிட்ஸ் வெண்ட் 1920களில் அந்தத் தூண்டலை அகார் துண்டில் பிடித்தார். அதுவே ஆக்சின். அதற்கு முன்பே, 1901இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் திமித்ரி நெல்யுபோவ் என்ற இளைஞர் ஆய்வகத்துப் பட்டாணி நாற்றுகள் குட்டையாகவும் தடித்தும் வளைந்தும் போவதைப் பார்த்து, அதற்குக் காரணம் விளக்கெரிக்கும் நிலக்கரி வாயுவிலுள்ள எத்திலீன் என்று கண்டுபிடித்தார்.

அந்தப் பட்டாணி ஏன் தடித்தது என்பதற்கு விடை கிடைக்க நுண்குழல்கள் வெளிப்படும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எத்திலீன் பட்டதும் குறுக்கே கிடந்த குழல்கள் நீளவாக்குக்குத் திரும்புகின்றன. செல் நீள்வது நின்று பருக்கிறது. ஜிப்ரெல்லின் இதற்கு நேரெதிர். குழல்களைக் குறுக்கே நிறுத்தி நீளச் செய்கிறது. 2013இல் ஸ்பெயினின் வாலென்சியாவில் டேவிட் அலபாதியும் மிகேல் பிளாஸ்கேசும் இதன் ஒரு வழியைத் திறந்து காட்டினார்கள். டியூபுலின் சரியாக மடிந்து உருப்பெற ப்ரீஃபோல்டின் என்ற துணைப்புரதத் தொகுப்பு வேண்டும். ஜிப்ரெல்லின் குறைவாக இருக்கும்போது, வளர்ச்சியைத் தடுக்கும் டெல்லா புரதங்கள் இந்தத் தொகுப்பை உட்கருவுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. வெளியே குழல் கட்டப் போதிய டியூபுலின் கிடைப்பதில்லை.

ஆக, ஹார்மோன் சட்டகத்தை ஆள்கிறது என்பதில் ஐயமில்லை. ஐயம் எழுவது, ஆளும் அந்த ஹார்மோனின் அளவை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற இடத்தில். விலங்குகளைப்போலத் தாவரத்துக்கு ஹார்மோன் சுரப்பிகள் இல்லை. ஏறத்தாழ எந்த உயிருள்ள செல்லும் ஹார்மோனை உண்டாக்கலாம், அழிக்கலாம், கடத்தலாம், உணரலாம். ஒரு செல்லில் ஹார்மோனின் விளைவு எவ்வளவு என்பது இந்த நான்கின் கூட்டுக்கணக்கு. அந்தக் கணக்கின் ஒவ்வொரு வரியிலும் சட்டகத்தின் கை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

4. ஒரே மரபணு, நான்கு பெயர்கள்

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு இது. இருபத்தோராம் நூற்றாண்டின் முதல் மூன்று ஆண்டுகளில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு கேள்விகளைக் கேட்ட நான்கு ஆய்வுக்குழுக்கள் அரபிடாப்சிசில் ஒரே மரபணுவில் வந்து முட்டின.

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஸெங்ஹுவா யே குழு, தண்டின் நார் எளிதில் முறிந்துபோகும் செடியைத் தேடியது. பிரான்சில் ஹெர்மன் ஹோஃப்ட குழு, செல்கள் பருத்துக் குண்டாகிப்போன செடியைத் தேடி, குண்டு மனிதர்களை வரைந்த கொலம்பிய ஓவியர் பொட்டேரோவின் பெயரை அதற்கு வைத்தது. இங்கிலாந்தில் டோலன் குழு, வேர்த்தூவி முளைக்கக் கூடாத இடத்தில் முளைத்த செடியைத் தேடியது. டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் ஜான் மண்டி குழு தேடியதோ இவை எதையுமல்ல. ஜிப்ரெல்லின் உற்பத்தி பிசகிய செடியை.

எப்படித் தேடினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஜிப்ரெல்லின் 20-ஆக்சிடேஸ் என்ற நொதி, ஜிப்ரெல்லின் உருவாகும் பாதையில் பிற்பகுதியில் வருவது. செடியில் ஜிப்ரெல்லின் பெருகினால் இந்த நொதியின் மரபணு அடங்கும், குறைந்தால் எழும். எனவே இந்த மரபணுவின் இயக்கு பகுதியைப் பார்த்தாலே உற்பத்திப் பாதை எந்த நிலையில் இருக்கிறது என்று ஓரளவு தெரியும். மண்டி குழு அந்த இயக்கு பகுதியோடு மின்மினிப் பூச்சியின் ஒளிரும் நொதியான லூசிஃபரேசின் மரபணுவை ஒட்டிச் செடியில் புகுத்தியது. பிறகு விதைகளில் மரபு மாற்றங்களை உண்டாக்கி, ஒளியின் அளவு தவறிய நாற்றுகளைக் கேமராவால் பொறுக்கியது. அப்படி அகப்பட்டவற்றில் ஒன்றுக்கு லூ1 என்று பெயர்.

2003இல் அதன் பழுதான மரபணு எது என்று பார்த்தபோது வந்து நின்றது கட்டானின். நுண்குழல்களை வெட்டும் புரதம்! மற்ற மூன்று குழுக்களும் முன்பே வந்து நின்ற அதே மரபணு. பழுதற்ற மரபணுவைத் திரும்பக் கொடுத்ததும் செடி பழைய உயரத்துக்கு வந்தது. ஒளியும் பழைய அளவுக்கு வந்தது. பழுதுபட்ட செடியில் எத்திலீனோ ஜிப்ரெல்லினோ கொடுத்தால் குழல்கள் திரும்ப வேண்டியபடி திரும்பவில்லை.

குழலை வெட்டும் கருவி பழுதானால் ஜிப்ரெல்லின் உண்டாக்கும் நொதியின் மரபணு கட்டுப்பாடு தவறுகிறது. இதற்கு இரண்டு விளக்கங்கள் சாத்தியம். ஒழுங்கற்ற சட்டகம் நேரடியாக ஏதோ ஒரு வழியில் மரபணுவுக்குச் செய்தி அனுப்புகிறது என்பது ஒன்று. ஹார்மோனின் ஆணை நிறைவேறாததால் பின்னூட்டக் கணக்கு தடுமாறி உற்பத்திப் பாதையில் எதிரொலிக்கிறது என்பது மற்றொன்று. லூ1 செடி மட்டும் இவற்றில் எது சரியென்று தீர்த்துச் சொல்லாது. ஆனால் எந்த விளக்கத்தை எடுத்தாலும் செய்தி சட்டகத்திலிருந்து உற்பத்தியை நோக்கிப் போகிறது. பாலம் இருவழிப் பாலம்.

இந்த நொதிக் குடும்பம் நம் வயல்களுக்கு முன்பே அறிமுகமானது. பிலிப்பைன்சின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர்.8 நெல் ஏன் குட்டை? அதிலுள்ள ஜிப்ரெல்லின் 20-ஆக்சிடேஸ் மரபணுக்களில் ஒன்று பழுதானது. உழவர் அறிந்த குட்டைத்தன்மைக்குக் காரணம் இதுவென்று 2002இல்தான் மரபணு அளவில் உறுதியாயிற்று. பசுமைப்புரட்சியின் அடியில் கிடந்த நொதிக் குடும்பமும் கோப்பன்ஹேகன் கேமராவில் ஒளிர்ந்த நொதிக் குடும்பமும் ஒன்றே.

5. நெல்லில் இன்னும் நேரடியான சான்று

ஐ.ஆர்.8 வேறு, இனிச் சொல்லப்போகும் குட்டை நெல் வேறு. 2011இல் பெய்ஜிங்கில் சோங் காங் குழு விவரித்த அந்தச் செடியில் வேர், தண்டு, கதிர், மணி எல்லாமே குறுகியிருந்தன. செல்கள் நீளாமல் நின்றதே இதற்குக் காரணம். வெளியிலிருந்து ஜிப்ரெல்லிக் அமிலம் கொடுத்தபோது செடி தேறியது. உள்ளே அளந்தபோது ஜிப்ரெல்லின் குறைந்திருந்தது. அதாவது நோய் பசியால் வந்தது, உணவு செரியாததால் வந்ததல்ல. இந்த இரண்டு சோதனைகளும் சேர்ந்து நின்றால்தான் உற்பத்திக் குறைவு என்று துணிந்து சொல்ல முடியும்.

பழுதான மரபணு எந்தப் புரதத்துக்கு உரியது என்று பார்த்தார்கள். கைனசின் வகை. கைனசின் என்றால் நுண்குழலின் மீது ஏடிபி ஆற்றலைச் செலவழித்து நடந்து செல்லும் இயங்கு புரதம். இந்தக் கைனசினும் குழலோடு சேர்ந்தால் ஏடிபியை வேகமாகச் செலவழிக்கிறது. பழுதான செடியில் குழல்களின் ஒழுங்கும் மாறியிருந்தது. இதுவரை வியப்பில்லை. வியப்பு அடுத்த வரியில்: இதே புரதம் டிஎன்ஏவிலும் ஒட்டுகிறது. ஒட்டும் இடம், ஜிப்ரெல்லின் பாதையின் முற்பகுதியில் வேலை செய்யும் கவுரீன் ஆக்சிடேஸ் நொதியின் மரபணுவிலுள்ள இயக்கு பகுதி. ஒட்டி, அந்த மரபணுவை எழுப்பவும் செய்கிறது.

சட்டகத்தில் நடக்கும் ஓர் ஆள், ஹார்மோன் ஆலையின் விசைப்பலகையிலும் கை வைத்திருக்கிறார். ஒரே புரதம் இரண்டு இடத்திலும் வேலை செய்வதால் மட்டும் சட்டகத்தின் நிலையை அது உட்கருவுக்கு அறிவிக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இரண்டு வேலைகளும் தனித்தனியாகவும் நடக்கலாம். குழலில் எத்தனை பங்கு, உட்கருவில் எத்தனை பங்கு, ஒன்று கூடினால் மற்றது குறைகிறதா என்பதே அடுத்து நிற்கும் கேள்வி. நெல் வேரில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவருக்கு இதைவிட நல்ல கேள்வியை நான் தர முடியாது.

6. உணர்வைக் காக்கும் சட்டகம்

மூன்றாவது சான்று பிராசினோஸ்டீராய்டுகளைப் பற்றியது. விலங்குகளின் ஸ்டீராய்டு ஹார்மோன்களோடு அமைப்பில் ஒத்த இவை, செடியில் மிக மிகக் குறைவாகவே இருக்கும். 1979இல் அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர்கள் இதன் அமைப்பை அறிய, தேனீக்கள் திரட்டிய 227 கிலோ ரேப்கடுகு மகரந்தத்திலிருந்து பிரித்தெடுத்தது வெறும் 4 மில்லிகிராம். ஆக்சினைப்போல இது செடி முழுதும் நெடுந்தூரம் பயணிப்பதில்லை. உண்டான இடத்துக்கு அருகிலேயே வேலை செய்கிறது. எனவே அந்தந்த இடத்தில் எவ்வளவு உண்டாகிறது, எவ்வளவு உணரப்படுகிறது என்பவை இரண்டும் உயிர்நாடி.

உணரும் புரதத்தை ஜியன்மிங் லீயும் ஜோன் கோரியும் 1997இல் அடையாளம் கண்டார்கள். செல்சவ்வில் நிற்கும் அந்த ஏற்பி அங்கேயே நிலைத்திருப்பதில்லை. உள்ளே இழுக்கப்படும்; சில மீண்டும் சவ்வுக்குத் திரும்பும், சில வாக்குவோலுக்குப் போய் அழியும். திரும்புவது அதிகமானால் செல்லின் உணர்வு கூர்மையாகும்; அழிவது அதிகமானால் மழுங்கும்.

இந்தப் பிரிவுச் சாலையில் நிற்பது கிளாஸ்ப் என்ற புரதம். நுண்குழல்களைச் செல்சவ்வோடு பிணைத்து நிலைப்படுத்துவது அதன் அறியப்பட்ட வேலை. அது இல்லாத அரபிடாப்சிஸ் குட்டை; வேர் குறுகியது; வேர்நுனியில் பிரியும் செல்கள் குறைவு. வேஸ்டனிஸ் பின்னர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமைத்த குழு, 2013இல் கிளாஸ்ப் குழல்களோடு மட்டுமல்லாமல் உட்செல்லும் சரக்குப் பைகளைத் தரம்பிரிக்கும் ஒரு புரதத்தோடும் கைகோத்திருப்பதைக் காட்டியது. 2018இல் அடுத்த கண்ணி வெளிவந்தது. கிளாஸ்ப் பிராசினோஸ்டீராய்டு ஏற்பியை அழிவிலிருந்து காத்துச் சவ்வில் நிறுத்துகிறது. அந்த ஏற்பி வழியாக ஹார்மோனின் சமிக்ஞை உட்கருவை எட்டும்போது, அங்கே எழும் ஒழுங்குபடுத்தும் புரதங்கள் கிளாஸ்ப் மரபணுவையே அடக்குகின்றன. கிளாஸ்ப் குறைந்தால் ஏற்பி குறையும், ஏற்பி குறைந்தால் சமிக்ஞை குறையும், சமிக்ஞை குறைந்தால் கிளாஸ்ப் மீண்டும் எழும். தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் ஒரு சுற்று. வேர்நுனி தன் பெருகும் செல்களைத் தீர்ந்துபோகாமல் காப்பதில் இந்தச் சுற்றுக்கும் பங்குண்டு.

இது உணர்வைப் பற்றியதாயிற்றே, உற்பத்தியைப் பற்றி என்ன என்று நீங்கள் கேட்கலாம். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வை இதோடு சேர்த்துப் படியுங்கள். ஜுன்-ஷியன் ஹே, ஜி-யோங் வாங் குழுவினர் காட்டியபடி, கிளாஸ்ப்பை அடக்கும் அதே ஒழுங்குபடுத்தும் புரதங்களில் ஒன்று, பிராசினோஸ்டீராய்டை உண்டாக்கும் நொதிகளின் மரபணுக்களிலும் நேரடியாக உட்கார்ந்து அவற்றை அடக்குகிறது. போதும் என்று உணர்ந்த செல், உற்பத்தியை நிறுத்திக்கொள்கிறது. அப்படியானால் எவ்வளவு உணர்கிறோம் என்பதைச் சட்டகம் மாற்றும்போது, எவ்வளவு உண்டாக்குகிறோம் என்பதும் மாற வேண்டும். இரண்டு ஆய்வுகளையும் இணைத்து நான் எட்டும் முடிவு இது, தர்க்கத்தால் எட்டுவது.

7. ஆக்சினும் ஓர் எச்சரிக்கையும்

வேர் என்றதும் ஆக்சினைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆக்சினைச் செல்லிலிருந்து வெளியேற்றும் ‘பின்’ என்னும் புரதங்கள் செல்லின் ஒரு பக்கத்தில் குவிந்து ஆக்சினுக்குத் திசை கொடுக்கின்றன. 2001இல் நிக்கோ கெல்ட்னர் குழு காட்டியபடி, அந்தப் புரதங்கள் சவ்வுக்கும் உட்பைகளுக்கும் இடையே ஓயாமல் சுழல்கின்றன. சுழற்சிக்கு ஆக்டின் வேண்டும். மேலே சொன்ன 2013ஆம் ஆண்டு ஆய்வில் கிளாஸ்ப் காக்கும் சரக்காக வந்தது பின்2 என்ற இதே குடும்பப் புரதம்தான். ஆக்சின் கடத்தலில் இரண்டு இழைகளுக்கும் பங்கு உண்டு.

உற்பத்தி? நீண்ட காலம் வேரின் ஆக்சின் முழுவதும் மேலே தளிரிலிருந்து இறங்குவதாகவே எண்ணினார்கள். 2008இல் அன்னா ஸ்டெபனோவா, ஹோசே அலோன்சோ குழு, எத்திலீன் பட்டால் வேர் குட்டையாகாத செடியை ஆராய்ந்து, டிரிப்டோஃபேனிலிருந்து ஆக்சின் உண்டாக்கும் ஒரு நொதியின் மரபணுவைப் பிடித்தது. வேர்நுனி தன் ஆக்சினின் ஒரு பகுதியைத் தானே உண்டாக்குகிறது. எத்திலீன் அதைக் கூட்டுகிறது.

இங்கே மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆக்டினைக் குலைத்தோம், வேர்நுனியில் பச்சை ஒளி கூடியது, ஆகவே ஆக்சின் உற்பத்தி கூடியது என்று முடிவெழுதுவது எளிது. டிஆர்5 என்ற பரவலான ஒளிக்குறி ஆக்சினின் அளவைக் காட்டுவதில்லை. ஆக்சினுக்குச் செல் அளித்த பதிலைத்தான் காட்டுகிறது. கடத்தல் அடைபட்டு அங்கேயே தேங்கினாலும் ஒளி கூடும். உணர்வு கூர்மையானாலும் கூடும். உற்பத்தி மாறியதென்று சொல்ல நொதியின் அளவு, ஹார்மோனின் நேரடி அளவீடு, வெளியிலிருந்து கொடுத்துத் தேற்றும் சோதனை ஆகியவை வேண்டும். நெல்லில் சோங் காங் குழு அதைச் செய்ததால்தான் அந்தச் சான்றை நான் முன்னே வைத்தேன்.

8. மண்ணில் இது எங்கே தெரிகிறது?

ஆய்வகத்தைவிட்டு வயலுக்கு வருவோம். நிலக்கடலையிலும் வெங்காயத்திலும் விதைத்த கையோடு களைக்கொல்லியாகப் பெண்டிமெத்தலின் தெளிப்பது நம்மூர் வழக்கம். அது டியூபுலினைப் பிடித்துக்கொண்டு நுண்குழல் கட்டவிடாமல் தடுக்கும் மருந்து. அதில் மாண்ட களை நாற்றைப் பிடுங்கிப் பாருங்கள், வேர்நுனி வீங்கி உருண்டிருக்கும். பால் கிரீன் பாசியில் கண்டதை நம் உழவர் கொல்லையில் காண்கிறார். கேழ்வரகின் காட்டு உறவான ஒரு புல்வகை இந்த வகை மருந்துகளுக்கு அசையாமல் நின்றபோது, ஆல்ஃபா டியூபுலினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்ததுதான் காரணம் என்று 1998இல் தெரிந்தது.

அடுத்து, இறுகிய மண். கனத்த இயந்திரங்கள் ஓடி இறுகிய மண்ணில் வேர் இறங்காமல் குட்டையாகித் தடிப்பதை எல்லோரும் அறிவோம். மண்ணின் கடினமே வேரைத் தடுக்கிறது என்றே நினைத்திருந்தோம். 2021இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் பிபின் பாண்டே, மால்கம் பென்னட் குழு வேறொன்றைக் காட்டியது. வேர் வெளிவிடும் எத்திலீன் வாயு மண்ணின் துளைகள் வழியே கலைந்துவிடும். மண் இறுகினால் துளைகள் அடைபட்டு, வாயு வேரைச் சுற்றியே தேங்குகிறது. வேர் அதைக் கொண்டு மண் இறுகியதை அறிந்து நீள்வதை நிறுத்துகிறது. எத்திலீனை உணராத நெல் வகைகளின் வேர் அதே இறுகிய மண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. தடுத்தது மண் மட்டுமல்ல. வேரின் சொந்த முடிவும்கூட. நெல்யுபோவின் பட்டாணியைப்போல, எத்திலீனின் இந்த ஆணையை நிறைவேற்றுவதில் நுண்குழல்களுக்குப் பங்குண்டு.

மூன்றாவது, பாஸ்பேட். 2018இல் சீனாவில் நெல்லின் ஆக்டினோடு பிணையும் ஆர்எம்டி என்ற புரதத்தை ஆராய்ந்தார்கள். ஈர்ப்புவிசையை உணரும் செல்களில் கனமான மாவுமணிகள் அடியில் சரியும். ஆர்எம்டி அந்த மணிகளை ஆக்டின் இழைகளோடு பிணைத்து அவற்றின் சரிவை மட்டுப்படுத்துகிறது. மண்ணில் பாஸ்பேட் குறைந்தால் ஆர்எம்டி கூடுகிறது, வேர் செங்குத்தாக இறங்காமல் சாய்ந்து பரவுகிறது. பாஸ்பேட் மேல்மண்ணிலேயே அதிகம் என்பதால் இது செடிக்கு நன்மை. அதற்கு முன்பே, 2014இல், இந்தப் புரதத்தின் மரபணுவை ஆக்சின் எழுப்புகிறது என்றும், அது பழுதானால் ஆக்சினின் கடத்தல் குலைகிறது என்றும் தெரிந்திருந்தது. இங்கும் ஒரு சுற்று.

9. முடிவாக

மூன்று வகை உறவுகளை இன்று பிரித்துப் பார்த்தோம். லூ1 செடியில் சட்டகப் புரதம் பழுதானதும் உற்பத்தி நொதியின் மரபணு கட்டுப்பாடு தவறுகிறது; நெல்லில் சட்டகப் புரதம் அத்தகைய மரபணுவை நேரடியாகவே தொடுகிறது. ஆக்சினில் இழைகள் கடத்தலைத் தாங்குகின்றன. பிராசினோஸ்டீராய்டில் நுண்குழல்கள் உணர்வைக் காத்து, அதன் வழியே உற்பத்தியின் கணக்குக்குள் நுழைகின்றன. இவை மூன்றையும் சட்டகம் ஹார்மோனைக் கட்டுப்படுத்துகிறது என்ற ஒரே வாக்கியத்தில் அடைத்துவிட்டால் அறிவியல் தேறாது. எந்த ஹார்மோன், எந்த இழை, நான்கு கணக்குகளில் எந்தக் கணக்கு என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு என்ற கேள்விக்கு என் பதில் இது. வளர்ச்சி என்பது கடைசியில் சுவர் விரிவதும் செல் பிரிவதும்தான். இரண்டையும் நேரில் நடத்துவது சட்டகம். வேலை எவ்வளவு முடிந்தது என்று நேரில் அறிவதும் அதுவே. வேலை நடக்கும் இடத்திலிருந்து செய்தி வராமல் ஆணைகளின் அளவை எந்த உயிரியாலும் சரியாகத் தீர்மானிக்க முடியாது. ஓடிப்போக முடியாத தாவரம், பிடித்த மண்ணிலேயே வாழ்ந்தாக வேண்டிய வேர், இந்தச் செய்தியைப் பெறாமல் ஒரு நாளும் தள்ள முடியாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த இரண்டு பாடங்களையும் ஒரே வாரத்தில் நடத்துங்கள். கோல்ச்சிசின் கொடுத்த வெங்காய வேரையும் எத்திலீன் பட்ட பட்டாணி நாற்றையும் ஒரே மேசையில் வையுங்கள். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெல்லும் கேழ்வரகும் நிலக்கடலையும் நம் கையருகே இருக்கின்றன. இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை அந்தப் பயிர்களின் வேரில் இனிமேல்தான் கேட்கப்பட வேண்டும். அதைக் கேட்பதற்கு முதலில் தேவை விலையுயர்ந்த கருவியல்ல. ஒரு விளைவுக்கு எத்தனை காரணங்கள் இருக்கக்கூடும் என்று பொறுமையாக எழுதிப் பார்க்கும் பழக்கம்.